பஞ்சப்படி

சேவூரில் எங்கள் வீட்டு அடுப்படியில் எப்போதும் இரண்டு எண்ணெய்ப் பாத்திரங்கள் இருக்கும். ஒன்றில் கடலெண்ணெய்; தாளிக்க மட்டும். இன்னொன்றில் ரேஷன் பாமாயில்; மற்ற எல்லாவற்றுக்கும். சுற்றிலும் நிலக்கடலை விளையும் ஊர் இது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடலை ஏலம் நடக்கும். அந்த ஊரிலேயே கடலெண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றியவர் என் அம்மா.

அம்மா திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தார். ஷிப்ட் கணக்கில் கூலி, சனிக்கிழமை சம்பளம். காய் வாங்கச் சந்தை கலையும் நேரத்துக்குத்தான் போவார். அப்போதுதான் கூறு விலை இறங்கும். 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது எங்கள் வீட்டில் கொள்ளும் தட்டைப்பயறும் வாரம் முழுக்க வந்தன. பருப்பு குறைந்த நாளில் அம்மா ரசத்தோடு எழுந்துவிடுவார். “எனக்குப் பசியில்லை” என்பார். அதை நாங்கள் நம்பினோம்.

திருப்பூர்த் தொழிலாளர் வரலாற்றைப் படித்தபோது ஒரு சொல் என்னை நிறுத்தியது: பஞ்சப்படி. விலைவாசி ஏறினால் கூலியோடு சேர்த்துத் தர வேண்டிய தொகை. 1984-இல் பனியன் தொழிலாளர்கள் அதைக் கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. உற்பத்தி சிறு யூனிட்டுகளாகச் சிதறியது. பெண்கள் பெருமளவில் கம்பெனிகளுக்குள் வந்தார்கள். ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அம்மாவின் சம்பளக் கவரில் அப்படி ஒரு படி இருந்ததில்லை. அதை அவர் சந்தையிலும் அடுப்படியிலும் தன் தட்டிலும் தேடி எடுத்தார். அந்தக் கூலியில் ஒரு குடும்பம் ஓடியதற்கு அதுவே காரணம். கூலி உயராமல் இருந்ததற்கும் அதில் பங்குண்டு.

அரசின் கை உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். 1997-இல் ஒன்றிய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய் என்பது எங்களைக் காப்பாற்றிய விலை. ஆனால் வரிசையில் நிற்க அரை ஷிப்ட் விட வேண்டும். மிச்சமாகும் ரூபாயா, போகும் கூலியா என்று அம்மா மனதுக்குள் கணக்குப் போடுவார். பெண்ணின் நேரத்துக்கு விலை போடாத வரைக்கும்தான் சிக்கனம் லாபம்.

1972-இல் பம்பாயில் மிருணாள் கோரே, அகில்யா ரங்னேகர் போன்றவர்கள் முன்னின்று விலைவாசி உயர்வுக்கு எதிராகப் பெண்களின் கூட்டு முன்னணியை அமைத்தார்கள். பெண்கள் பூரிக்கட்டையால் தட்டை அடித்தபடி தெருவுக்கு வந்தார்கள். அடுப்படியின் கணக்கு அங்கே அரசியல் கோரிக்கையாயிற்று. எங்கள் ஊரில் அதே கணக்கைக் “கெட்டிக்காரி” என்ற பாராட்டோடு முடித்துவிட்டோம். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் குறைந்துபோன கவளத்தை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், “இத்தனை வருசத்துல எவ்வளவும்மா மிச்சம் புடிச்சிருப்பே?”

“மிச்சம் எங்க கண்ணு புடிச்சேன்?” என்றார். “பத்தாததப் பத்தும்படி செஞ்சேன். அவ்வளவுதான்.”

அன்றிரவு அம்மாவுக்கு நான் பரிமாறினேன். பருப்பை முதலில் அவர் தட்டில் ஊற்றினேன். “போதும் போதும்” என்று கையால் மறைத்தார். நான் நிறுத்தவில்லை.