வாள் அப்புறம், முதலில் ஊசி

பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்தபோது எங்கள் டீமில் ஒரு டெஸ்டர் இருந்தார். ஜூலைக் கடைசியில் இரண்டு வாரம் லீவு கேட்டார். எங்கே போறீங்க என்றேன். "போருக்கு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் சொன்னது பென்சிக் போரை. பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணம். 1972இல் தொடங்கிய கூடுகை இது. பத்தாயிரம் பேர் கூடாரம் அடித்து, 1600க்கு முந்தைய உடையில் திரிவார்கள். நடத்துவது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் விருந்தும் வாள்போட்டியுமாக ஆரம்பித்த அமைப்பு. இன்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. அவற்றை 'ராஜ்ஜியம்' என்றே அழைக்கிறார்கள். போட்டியில் ஜெயித்தவர்தான் ராஜா, அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். கவசம் நிஜ எஃகு, வாள் மட்டும் பிரம்பு. நம்மூர் நாற்காலி பின்னும் பிரம்பின் இனம்தான்.

வரலாற்றுப் புத்தகங்களை வருடக்கணக்கில் படித்தவன் நான். இது பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்தேன். சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று இணையத்தில் பாலியெஸ்டர் அங்கி ஒன்றும் பளபளக்கும் வாள் ஒன்றும் வாங்கினேன். உள்ளூர்க் கிளையின் சந்திப்புக்கு அதோடு போனேன். அங்கே துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வாளை வீட்டில் வையுங்கள், ஊசி இருக்கிறதா?" என்று கேட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே சொல்வது இதுதான். கவசம் வாங்காதே, அது ஆயிரக்கணக்கான டாலரை விழுங்கும். முதல் நாளுக்கு உடை இரவல் தருவார்கள். அப்புறம் உனக்கென்று ஒரு காலத்தையும் ஊரையும் தேர்ந்தெடு. 'இடைக்கால ஐரோப்பா' என்றால் ஆயிரம் வருடம், அது பதிலே இல்லை. கடைசியாக, அந்தக் காலத்தின் உடை ஒன்றை லினன் அல்லது கம்பளித் துணியில் நீயே தைத்துக்கொள்.

நான் எடுத்துக்கொண்டது 14ஆம் நூற்றாண்டு, ஸ்வீடன். காரணம், மாதிரிக்கு முழு உடையே அங்கே கிடைத்திருக்கிறது. 1936இல் வார்பெரி ஊருக்கு அருகே பாக்ஸ்டன் என்ற இடத்தின் சதுப்பில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அங்கி, தோள் மறைக்கும் தலைமூடி, மேற்போர்வை, காலுறை, தோல் செருப்பு எல்லாமே இருந்தன. தலைமுடிகூட அழியவில்லை. இன்று வார்பெரி கோட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

தைக்க உட்கார்ந்ததும் கேள்விகள் வந்தன. அங்கியில் ஏன் இத்தனை முக்கோணத் துண்டுகள்? கீழே விரிய வேண்டும், ஆனால் துணி வீணாகக் கூடாது. அவ்வளவு விலையா துணி? ஆமாம். தறிக்கு முன்னால் நூல் வேண்டுமே. தக்களியில் பல பேர் நூற்றால்தான் ஒரு நெசவாளருக்குப் போதும். இதையெல்லாம் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் கத்திரிக்கோலைத் தப்பாக வைத்து ஒரு கை அளவு கம்பளியைக் கெடுத்த அன்றுதான் புரிந்தது. அதனால்தான் கிழிந்த உடையை ஒட்டுப்போட்டார்கள், பிள்ளைக்கு வெட்டித் தைத்தார்கள், கடைசியில் கந்தலாக்கினார்கள். சாதாரண மக்களின் உடை நமக்கு மிஞ்சாததற்குக் காரணமும் அதுதான்.

அப்படியென்றால் பாக்ஸ்டன் மனிதரின் உடை எப்படி மிஞ்சியது? அவரைக் கொன்றிருக்கிறார்கள். மண்டையோட்டில் அடிபட்ட காயங்கள். உடலைச் சதுப்பில் போட்டு, எழுந்து வந்துவிடக் கூடாது என்பதுபோல மரக்கழி அறைந்திருக்கிறார்கள். உடையை யாரும் கழற்றிக்கொள்ளவில்லை, கம்பளியைச் சதுப்பு காப்பாற்றிவிட்டது. பெயர் தெரியாது, கொன்றவர் யாரென்றும் தெரியாது. பென்சிக்கில் நாம் ராஜா ராணி என்று விளையாடுகிறோம். அங்கே பல பேர் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு திரியும் அங்கியின் அளவு, கொலையுண்ட ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்தது.

இது தெரிந்தபிறகு இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் ஒழுங்காகத் தை" என்றார்.

தைத்தேன். இடது கை கொஞ்சம் குட்டைதான். அந்த வருடம் பென்சிக்கில் அதைத்தான் போட்டுக்கொண்டேன். யாராவது பாராட்டினால், இது யாருடைய உடை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சிலர் முகம் மாறியது, சிலர் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார்கள்.

வாள் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. தலைமூடி தைத்த கதை அடுத்த பதிவில்.