பழுதுபார்ப்பிலிருந்து வடிவமைப்புப் பொறுப்புக்கு: கொலம்பியா ஹெலிகாப்டர்ஸ் நிறுவன வரலாறு (1957–2006)

முன்னுரை

வானூர்தித் தொழிலின் வரலாறு பெரும்பாலும் உருவாக்கியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு வகை ஊர்தி எப்போது முதன்முதலாகப் பறந்தது, அதை வடிவமைத்தவர் யார் என்பன பதிவாகின்றன. அவ்வூர்தியைப் பல பத்தாண்டுகள் பறக்கும் தகுதியோடு வைத்திருந்த பணிமனைகள் பதிவாவதில்லை. ஹெலிகாப்டர் வரலாற்றில் இவ்விடுபாடு சிறியதன்று. உருவாக்கிய நிறுவனம் கைவிட்ட ஒரு பொறிக்கு அதன்பின் யார் பொறுப்பு என்னும் வினா, அதில் பயணிப்போரின் உயிரோடு தொடர்புடையது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து அரோரா நகரில் இயங்கும் கொலம்பியா ஹெலிகாப்டர்ஸ் நிறுவனத்தின் வரலாற்றை அவ்வினாவின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் தொழில்முறையும்

வெஸ் லெமாட்டா 1957ஆம் ஆண்டு ஒரே ஒரு ஹில்லர் 12பி ஹெலிகாப்டருடன் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். நீண்ட கம்பி வடத்தில் தொங்கும் சுமையை, விமானி பக்கவாட்டுச் சன்னல் வழியாகக் குனிந்து நேரில் பார்த்தபடியே இயக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1970களின் தொடக்கத்தில் இம்முறை மலைக்காடுகளில் வெட்டிய மரங்களைத் தூக்கிவரும் தொழிலுக்குப் பயன்பட்டது. பாதை அமைக்க இயலாத சரிவுகளிலிருந்து மரங்களை எடுக்க இது வழிசெய்தது.

இத்தொழிலே பராமரிப்பின் இலக்கணத்தையும் மாற்றியது. பயணிகள் ஹெலிகாப்டர் ஒருமுறை எழும்பி, சீரான வேகத்தில் பறந்து, ஒருமுறை இறங்கும். மரம் தூக்கும் ஹெலிகாப்டரோ ஒரு மணி நேரத்திற்குள் பலமுறை முழுச்சுமையை ஏற்றி இறக்கும். ஒவ்வோர் ஏற்றமும் பற்சக்கரங்கள், சுழலித் தண்டுகள், இறக்கைகள் ஆகியவற்றின் உலோகத்தில் அயர்ச்சியைச் சேர்க்கிறது. எனவே பறந்த மணிநேரக் கணக்கை மட்டும் கொண்டு உறுப்புகளின் ஆயுளை முடிவுசெய்ய இயலாது. தூக்கிய சுமைகளின் கணக்கும் வேண்டப்படுகிறது. இத்தகைய அனுபவம் ஊர்தியை உருவாக்கியவர்களைக் காட்டிலும் அதைப் பயன்படுத்திப் பழுதுபார்த்தவர்களிடமே மிகுதியாகச் சேர்ந்தது.

கைவிடப்பட்ட வகைகள்

இந்நிறுவனத்தின் முதுகெலும்பாக அமைந்த வெர்ட்டால் 107 வேறொரு நோக்கத்திற்காகப் பிறந்தது. பியாசெக்கி ஹெலிகாப்டர் நிறுவனம் 1956இல் வெர்ட்டால் எனப் பெயர் மாற்றம் பெற்று, 1960இல் போயிங்குக்கு உரியதாயிற்று. முன்னும் பின்னுமாக இரு சுழலிகள் கொண்ட 107, 1958 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்தது. 1962 சூலையில் நியூயார்க் ஏர்வேஸ் அதனை 25 இருக்கைகளுடன் பயணிகள் சேவையில் ஈடுபடுத்தியது. எனினும் நகரப் பயணச் சந்தை எதிர்பார்த்த அளவு வளரவில்லை. 1965இல் அதன் விற்பனை உரிமை சப்பானின் கவாசாகி நிறுவனத்திற்குச் சென்றது. அங்கும் 1990இல் உற்பத்தி நின்றது. பயணிகளுக்கெனக் கட்டப்பட்டுப் பின்னர் வேண்டாதவையான ஊர்திகளைக் கொலம்பியா வாங்கிச் சுமைதூக்கிகளாக மாற்றியது.

சினூக்கின் குடிமைப் பயன்பாட்டு வடிவமான போயிங் 234இன் வரலாறு இன்னும் துயரமானது. வடகடல் எண்ணெய்த் தளங்களுக்கு 44 பயணிகளை ஏற்றிச்செல்ல இது 1981இல் சேவைக்கு வந்தது. 1986 நவம்பர் 6ஆம் நாள் சம்பரோ அருகே ஓர் ஊர்தி கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 47 பேரில் 45 பேர் இறந்தனர். முன்புறப் பற்சக்கரப் பெட்டியின் வளையப் பற்சக்கரம் உலோக அயர்ச்சியால் உடைந்ததால், இரு சுழலிகளின் ஒத்திசைவு குலைந்து இறக்கைகள் ஒன்றோடொன்று மோதின. மாற்றியமைக்கப்பட்ட உறுப்புக்குச் செய்யப்பட்ட சோதனைகள் போதாமையும், கடுமையான ஆய்வு ஏற்பாடும் சிதைவைக் கண்டறியத் தவறியமையும் அடிப்படைக் காரணங்கள் எனப் பிரித்தானிய விபத்து விசாரணை கண்டது. வடகடல் பயணிகள் சேவையிலிருந்து சினூக் விலகியது. 234 வகை ஊர்திகள் கொலம்பியாவிடம் சேர்ந்து சுமைத்தொழிலில் தொடர்ந்தன.

சான்றிதழ் கைமாறுதல்

ஒவ்வொரு வானூர்தி வகைக்கும் அரசு வழங்கும் வகைச்சான்றிதழ் வெறும் அனுமதித் தாளன்று. அதன் உரிமையாளரே வடிவமைப்பு விவரங்களைப் பேணவும், குறைபாடுகளை ஒழுங்காற்று அமைப்புக்குத் தெரிவிக்கவும், திருத்தங்களை வகுக்கவும் கடமைப்பட்டவர். சில ஊர்திகளே எஞ்சிய ஒரு வகைக்காக இக்கடமையைச் சுமப்பது பெருநிறுவனத்திற்கு ஆதாயம் தருவதன்று. அந்த ஊர்திகளையே நம்பி வாழும் பணிமனைக்கோ, அது தொழிலின் உயிர்நிலை. 2006இல் 107, 234 ஆகிய இரண்டின் வகைச்சான்றிதழ்களையும் போயிங்கிடமிருந்து கொலம்பியா பெற்றது. பயன்படுத்துவோரும் பழுதுபார்ப்போரும் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்போரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர்.

இது தனித்த நிகழ்வன்று. அதே ஆரிகன் மாநிலத்தின் எரிக்சன் நிறுவனம் 1992இல் சிகோர்ஸ்கியிடமிருந்து எஸ்-64 ஊர்தியின் சான்றிதழைப் பெற்றிருந்தது. அதுவும் மரம் தூக்கும் தொழிலில் வளர்ந்த நிறுவனமே. ஒரே தொழிற்சூழல் இரு நிறுவனங்களை ஒரே முடிவுக்கு இட்டுச்சென்றது கருதத்தக்கது.

முடிவுரை

பராமரிப்பு என்பது உற்பத்திக்குப் பின்வரும் துணைப்பணி என்னும் கருத்தை இவ்வரலாறு மறுக்கிறது. நீண்ட பயன்பாட்டில் திரண்ட அறிவு, காலப்போக்கில் வடிவமைப்பின் மீதான பொறுப்பாகவே உருமாறியது. ஆயினும் இம்மாற்றத்தில் ஓர் இடர் உண்டு. ஊர்தியை இயக்கி வருவாய் ஈட்டுபவரே அதன் குறைபாட்டை அறிவிக்கவும் கடமைப்பட்டவராகிறார். தனித்து நின்று சரிபார்க்கும் அரசு ஒழுங்காற்றின் தேவை இதனால் குறைவதில்லை, கூடுகிறது. சம்பரோ விபத்தில் ஊர்தியை உருவாக்கிய நிறுவனம் பின்னணியில் இருந்தது. ஆய்வு ஏற்பாடும் இருந்தது. ஆயினும் சிதைவு கண்ணில் படவில்லை. பழைய பொறிகளைப் பேணும் அறிவின் மதிப்பையும் எல்லையையும் இவ்விரு வரலாறுகளும் ஒருங்கே உணர்த்துகின்றன.