விலக்கப்பட்ட சொல்

அழகாகத் தோன்றுவதை உண்மையென்று உடனே ஏற்றுக்கொள்வது மனித மனத்தின் இயல்பு. அவ்வியல்பு பலமுறை நம்மை நல்வழியில் நடத்தியிருக்கிறது. சிலமுறை ஏமாற்றியும் இருக்கிறது. உயிரணுவில் எழுதப்பட்டுள்ள மரபுச் செய்தி எவ்வாறு புரதமாக உருப்பெறுகிறது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாறு இவ்விரண்டிற்கும் சான்றாக நிற்கிறது.

பெற்றோரின் பண்புகள் ஒரு கணக்கிற்கு உட்பட்டே பிள்ளைகளிடம் இறங்குகின்றன என்பதைப் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டவர், புர்னோ நகர அகுஸ்தீனார் சபைத் துறவி கிரகோர் மெண்டல். 1866-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை 1900 வரை ஏறத்தாழக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அவர் கணக்கிட்ட காரணிகள் எப்பொருளில் எழுதப்பட்டுள்ளன என்பது தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-இல் வாட்சனும் கிரிக்கும், ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையோடு, டி.என்.ஏ. என்னும் அப்பொருளின் முறுக்கேணி வடிவத்தை வெளியிட்டனர்.

வடிவம் விளங்கியது, மொழி விளங்கவில்லை. டி.என்.ஏ.வில் உள்ளவை நான்கே எழுத்துகள். புரதங்களோ இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட மாலைகள். நான்கு எழுத்துகளால் இருபது மணிகளைக் குறிப்பது எங்ஙனம்? இரண்டு எழுத்துச் சொற்களானால் பதினாறே கிடைக்கும், போதாது. மூன்று எழுத்துச் சொற்களானால் அறுபத்து நான்கு கிடைக்கும், மிகுதி. அண்டத்தின் தொடக்கத்தை ஆராய்ந்த இயற்பியலறிஞர் ஜார்ஜ் காமாவ் 1954-இல் இப்புதிருக்கு ஒரு விடை கூறினார், அது நிலைக்கவில்லை.

1957-இல் கிரிக்கும் அவருடைய தோழர் இருவரும் மற்றொரு விடை கண்டனர். நம் ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது, புள்ளியும் இராது. படிப்பவரே சொல் பிரித்துப் பொருள் கொள்ளவேண்டும். மரபுச் செய்தியும் அத்தகையதே. அப்படியாயின், எவ்விடத்தில் பிரித்தாலும் பிழையாகப் படிக்க இயலாத சொற்களை மட்டுமே இயற்கை தேர்ந்திருக்குமோ என்று அவர்கள் எண்ணினர். ஒரே எழுத்து மும்முறை வரும் சொற்கள் நான்கு. அவற்றை அடுத்தடுத்து எழுதினால் எங்கே பிரிப்பதெனத் தெரியாது. ஆகவே அவை விலக்கப்பட்டன. எஞ்சிய அறுபதும் எழுத்துகள் சுழன்று மாறும் மும்மூன்று சொற்களாக அணிவகுத்தன. ஒவ்வோர் அணியிலும் ஒன்றைத்தான் ஏற்கலாம். அறுபதை மூன்றால் வகுத்தால் வருவது இருபது!

இதைவிட அழகிய விடை உண்டோ? அக்காலத்தில் நம்மைப் போன்றோர் மறையுரை மேடையில் நின்று, படைத்தவரின் ஞானத்திற்கு இவ்விருபதே சான்று என்று முழங்கியிருந்தால் கேட்டவர்கள் நெகிழ்ந்திருப்பர். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் நாணித் தலைகுனிந்தும் இருப்போம்.

ஏனெனில், அமெரிக்காவில் நற்செய்தியின் குளத்துப் பெயரைத் தாங்கிய பெதஸ்தா நகரின் ஆய்வுக்கூடமொன்றில், மார்ஷல் நைரன்பர்க் என்னும் இளைஞர் அழகைத் தேடாமல் உயிர்ப்பொருளையே வினவினார். அவரும் ஜெர்மானியத் தோழர் ஹைன்ரிக் மத்தேயும் பாக்டீரியங்களை அரைத்துச் சாறெடுத்தனர். யுராசில் என்ற ஒரே எழுத்து மட்டும் தொடர்ந்து வரும் செயற்கை ஆர்.என்.ஏ. இழையை அதில் இட்டனர். எந்த அமினோ அமிலம் கோக்கப்படுகிறது என்பதைக் கதிரியக்க அடையாளம் கொண்டு தேடினர். 1961 மே 27 அதிகாலையில் விடை கிடைத்தது: சாறு கோத்துத் தந்தது ஃபினைல் அலனின் என்ற ஒரே மணியாலான மாலை. மும்மூன்று எழுத்தாகக் கொண்டால், மனிதர் படித்த முதற்சொல் ‘யு-யு-யு’. அழகிய கோட்பாடு, இருக்கவே முடியாதென விலக்கிய நான்கனுள் ஒன்று அது! கட்டுவோர் ஒதுக்கிய கல்லைப் பற்றிய திருப்பாடலை வாசகர் ஈண்டு நினைவுகூர்வர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் மாஸ்கோவில் கூடிய உயிர்வேதியியல் மாநாட்டில் நைரன்பர்க் இதை அறிவித்தபோது கேட்டவர் மிகச் சிலரே. செய்தி கிரிக்கின் செவிக்கு எட்டியது. தம் கோட்பாட்டை வீழ்த்தும் அவ்வுரையை மூடி மறைக்க அவர் முனையவில்லை; மாறாகப் பேரவையின் முன் மீண்டும் நிகழ்த்த அவரே ஏற்பாடு செய்தார். அறிவின் வரலாற்றில் இத்தகைய பெருந்தன்மைகள் கண்டுபிடிப்புகளுக்கு நிகரானவை என்போம்.

எஞ்சிய சொற்களைப் படிக்க ஐந்தாண்டு உழைப்புத் தேவைப்பட்டது. அதில் பெரும் பங்காற்றியவர் ஹர் கோவிந்த் குரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள முல்தான் பகுதியின் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில், எழுத்தறிவு அரிதாயிருந்த சூழலில், கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்தவர் அவர். மரத்தடியில் முதற்பாடம் கற்றார். வெளிநாட்டில் பயின்று 1949-இல் தாயகம் திரும்பியபோது இங்கு வேலை கிடைக்கவில்லை. மீண்டும் கடல் கடந்தார். எழுத்துகளின் வரிசை முன்கூட்டியே தெரிந்த இழைகளைத் தம் கைத்திறத்தால் ஆக்கி, ஐயத்திற்கிடமான சொற்களைத் தெளிவித்தார். 1966-இல் அகராதி நிறைவுற்றது. 1968-இல் நைரன்பர்க், குரானா, ராபர்ட் ஹாலி மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

உயிரணு செய்வது இதுதான். பங்கு அலுவலகத்தின் திருமுழுக்குப் பதிவேடு வெளியே செல்வதில்லை. தேவைப்படுவோர்க்கு நகலே வழங்கப்படுகிறது. அவ்வாறே நம் உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. அங்கேயே இருக்க, தூது ஆர்.என்.ஏ. என்ற நகல் வெளிவருகிறது. ரைபோசோம் என்னும் பட்டறை அதைத் தொடக்கச் சொல்லிலிருந்து மும்மூன்றாக எண்ணிப் படிக்கிறது. இருமொழி அறிந்த துபாசியைப் போல, இடமாற்று ஆர்.என்.ஏ. ஒரு முனையில் சொல்லை இனங்கண்டு, மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வருகிறது. முடிவுச் சொல் வந்ததும் மாலை விடுவிக்கப்படுகிறது. அப்பட்டறையின் அமைப்பை அணுவணுவாக வெளிப்படுத்தியதற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அகராதி அழகாக இருந்ததா? முதற்பார்வையில் இல்லை. அறுபத்து நான்கில் மூன்று முடிவுச் சொற்கள். ஏனைய அறுபத்தொன்றும் இருபதுக்கும் ஒழுங்கின்றிப் பங்கிடப்பட்டுள்ளன. லூசினுக்கு ஆறு சொற்கள். மெத்தியோனினுக்கு ஒன்றே ஒன்று. எனினும் இவ்வொழுங்கின்மையில் ஒரு கருணை மறைந்திருந்தது. பல சொற்களில் மூன்றாம் எழுத்துப் பிழைபட்டாலும் அதே அமினோ அமிலமே வருகிறது. மாறி வந்தாலும் பெரும்பாலும் ஒத்த தன்மையுடையதே வருகிறது. அறிஞர் வரைந்த சிக்கனமான அகராதியில் பிழைக்கு இத்தகைய இடமில்லை.

எல்லாப் பிழைகளும் தாங்கப்படுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். குருதியின் ஹீமோகுளோபினில் ஆறாவது சொல்லில் ‘ஏ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘யு’ வந்தால் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. அத்தகைய மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்குச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து, தீராத வலியைத் தருகின்றன. இந்தியாவில் இக்கோளாறு முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். ஓர் எழுத்தின் பளு எத்தகையதென்பதை அவ்வீடுகள் அறியும். ஆகவே இம்மொழியைச் சரியாகப் படிப்பது அறிஞரின் பொழுதுபோக்கன்று. நோயுற்றோர்க்கு நாம் பட்டுள்ள கடன்.

இன்றும் அறிவியலின் புதிய முடிவொன்று செய்தித்தாளில் வந்தவுடன், அதை நம் நம்பிக்கைக்குத் தூணாக நட்டுவிடத் துடிப்போர் நம்மிடையே உளர்; பகையாகக் கருதி விரட்டத் துடிப்போரும் உளர். இருசாராரும் படைப்பு தானே பேசி முடிக்குமுன் அதன் வாயில் தம் சொல்லை வைப்பவர்கள். 1957-இன் இருபது அழகாக இருந்தது; ஆனால் அது மனிதரின் அழகு. உண்மையான அகராதியோ எளியதோர் ஆய்வுக்கூடத்தில் உறக்கம் துறந்து கேட்டவர்க்குத் திறந்தது. கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒருவகை வணக்கமே.