சேர்வராயன் காப்பியும் கடைப் பலகைகளும்

நாடெங்கும் ஒரே பெயரில், ஒரே நிறப் பலகையோடு கிளை பரப்பியிருக்கும் பெரிய காப்பி ஸ்தாபனங்கள் உசத்தியா, முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து அவருடைய மைத்துனரே டிகாக்‌ஷன் இறக்குகிற தனிக்கடைகள் உசத்தியா என்று சேலத்து வாசிகளைக் கேட்டால், வயதில் மூத்தவர்கள் பெரும்பாலும் தனிக்கடைக்கே ஓட்டுப் போடுவார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளோ, சில சமயம் அவர்களேயோ, அன்று மாலையே குளிர்சாதனம் ஓடுகிற கண்ணாடிக் கடையில் அமர்ந்து, ஒரே கோப்பையை ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருப்பதையும் காணலாம். ஜன அபிப்பிராயம் என்பது எப்போதும் இப்படித்தான். வாய் ஒரு திசையில் பேச, கால் வேறொரு திசையில் நடக்கிறது. ஆயினும் இந்த வழக்கு ஏதோ நேற்று முளைத்தது என்று எண்ணுகிறவர்கள், சேலத்துக்கு வடக்கே நிற்கும் சேர்வராயன் மலையின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். காப்பியில் பெரியவன் யார், சிறியவன் யார் என்கிற சச்சரவு அங்கே பல வேஷங்களில் நடந்து முடிந்திருக்கிறது.

மலையின் பூர்வ குடிகள் மலையாளிகள் என்று பெயர் பெற்ற தமிழ் மக்கள். காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயனிலும், மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதீகம். கேழ்வரகும் சாமையும் விளைவித்துக்கொண்டு, சிகரத்துக் குகைக்கோயிலில் சேர்வராயனை வழிபட்டு வாழ்ந்த அவர்களுக்குக் காப்பி என்றால் இன்னதென்றே தெரியாது. 1820 முதல் 1829 வரை சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்னும் துரை, ஏற்காட்டில் கிரேஞ்ச் என்ற இடத்தில் காப்பிச் செடியையும், பேரி, ஆப்பிள் முதலிய பழ மரங்களையும் கொண்டுவந்து நட்டுப் பரீட்சை செய்ததிலிருந்துதான் இம்மலையின் புதிய அத்தியாயம் தொடங்குகிறது. பின்னர் வெள்ளைக்காரர் பலர் வந்து காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அத்தீவின் காப்பியை அடியோடு அழித்து, அங்கிருந்த துரைமார்களைத் தேயிலைக்குத் துரத்தியது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அது விட்டுவைக்கவில்லை. ஆனால் சேர்வராயன் காப்பியைக் கைவிடவில்லை. இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அம்மரங்களையே பற்றி ஏறும் மிளகுக்கொடிகளுக்கு நடுவில், அராபிகாச் செடிகள் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

கடைப் பலகையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அறியவேண்டியது, காப்பிக்கொட்டை அந்தப் பலகையை வந்தடைவதற்கு முன்னால் படுகிற பாடு. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த எட்டொன்பது நாளில் செடி முழுவதும் வெள்ளைப்பூ மலர்ந்து, மல்லிகையை ஒத்த மணத்தை மலை முழுதும் பரப்பிவிட்டு, இரண்டு மூன்று நாளில் வாடிவிடுகிறது. பழம் சிவப்பதற்குக் கார்த்திகை மார்கழி ஆகும். ஒரே கொத்தில் பச்சைக்காயும் மஞ்சளும் சிவப்பும் கலந்து கிடக்க, சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுத்து இடுப்பில் கட்டிய பையில் போடுகிற பெண்கள், ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்பி வரவேண்டும். அன்று பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் கொடுத்துத் தோலுரித்து, தொட்டியில் ஊறப்போட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைத்து, மாலைப்பனி இறங்குமுன் குவித்து மூடி, மறுநாள் மறுபடி பரப்பி, இப்படியே நாட்கணக்கில் புரட்டிப் புரட்டிக் காய்ந்த பிறகு, ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை தேறும். வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு ஆவியாய்ப் போய்விடும்.

இவ்வளவு பாடுபட்டு விளைந்த கொட்டை மலையடிவாரத்தை அடைந்ததும் தன் ஊர்ப்பெயரை இழந்துவிடும். சாக்குகள் சமவெளி நகரங்களின் க்யூரிங் ஒர்க்ஸுகளுக்குப் போய், உமி நீக்கப்பட்டு, பிளாண்டேஷன் ஏ, பி, பீபெர்ரி என்று கொட்டையின் அளவையும் வடிவத்தையும் கொண்டு ஜாதி பிரிக்கப்பட்டுக் கப்பலேறிய காலத்தில், அதைக் குடித்த லண்டன்காரனுக்கு ஏற்காடு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. வேடிக்கை என்னவென்றால், இருபத்தைந்து மைலுக்குள் இருந்த சேலத்துக்காரனுக்கும் அது தெரியாமலே இருந்தது. ஏனெனில் அவன் அப்போது காப்பியே குடிக்கவில்லை.

தமிழர் வீடுகளில் காப்பி பிரவேசித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைப்பகுதியில். அதற்கு எழுந்த ஆட்சேபம் சாமானியமானதன்று. நீராகாரம் குடித்த தேகம் கெட்டுப்போயிற்று, பெண்டுகள் காலையில் காப்பியில்லாமல் எழுந்திருப்பதில்லை, இது கள்ளைக் காட்டிலும் கொடிய பழக்கம் என்றெல்லாம் பத்திரிகைகளும் பிரசங்கிகளும் எச்சரித்தார்கள். ஜனங்கள் கேட்டுக்கொண்டே குடித்தார்கள். வீட்டுக்கு வெளியே காப்பி கிடைத்த இடம் காப்பி கிளப். பேச்சு வழக்கில் கிளப்புக்கடை. இந்தக் கிளப்புக்கடையே நாம் இன்று கொண்டாடுகிற தனிக்கடையின் மூதாதை. அதன் பில்டர் காப்பியைப் புகழ்ந்து எழுதியவர்கள் அநேகர். ஆனால் அதன் உள்ளே இருந்த தடுப்பை மறந்துவிட்டுப் புகழ்வது சரித்திரமாகாது. பிராமணர் உட்காரும் இடம் தனி, மற்றவர் உட்காரும் இடம் தனி. தாழ்த்தப்பட்டோர் வாசற்படி ஏறவே முடியாது. ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் இருந்த இத்தகைய பிரிவினை பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல் நீங்கிற்று. பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதும் வழக்கமோ அதற்குப் பிறகும் நீடித்து, 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் மறியல் நடக்கும்படி ஆயிற்று. முதலாளியை முகமறிந்து பழகுகிற கடை என்பது இனிமையான விஷயந்தான். முகமறிந்த காரணத்தாலேயே எவனை எங்கே நிறுத்துவது என்றும் அந்த முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

இதற்கிடையே சேலத்தில் வேறொரு காரியம் நடந்தது. 1926இல் வி. எல். நரசு என்பவர் இவ்வூரில் காப்பிப்பொடி வியாபாரத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் கிண்டியில் சினிமா ஸ்டூடியோ நடத்தியவரும் இவரே. நரசுஸ் என்ற பெயர் அடிவாரத்து ஊரொன்றிலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டின் அடுப்பங்கரைகளில் பரவியதைச் சேலத்தார் இன்றும் ஒரு தனிக் கௌரவத்தோடு சொல்லிக்கொள்வார்கள். பெரிய ஸ்தாபனம் என்று யாரும் அதைப் பழித்துக் கேட்டதில்லை. சொந்த ஊர்க்காரன் பெரியவனானால் அது பெருமை, வெளியூர்க்காரன் பெரியவனாக வந்தால் அது ஆக்கிரமிப்பு. ஜன அபிப்பிராயத்தின் இந்த இரட்டை அளவுகோலையும் குறித்துக்கொள்ளவேண்டும். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரி சபை நாட்டிலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்து கள்ளுக்கடைகளை மூடியபோது, மாலை வேளையில் நாலு பேர் கூடிப் பேசுவதற்கு டீக்கடையும் காப்பிக்கடையுமே மிஞ்சின.

கிளைகள் பரப்பிய முதல் பெரிய காப்பிக்கடை எது என்று கேட்டால் இக்காலத்தவர் அமெரிக்காவைக் காட்டுவார்கள். நம் நாட்டைப் பொறுத்தவரை அது சர்க்காரின் சிருஷ்டி. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டு விற்பனை விழுந்துவிட, தோட்டக்காரர்களைக் காப்பாற்றும் பொருட்டு 1935இல் காப்பி வரிச் சட்டம் பிறந்தது. அவ்வரியைக் கொண்டு உள்நாட்டில் பிரசாரம் செய்ய அமைந்த கமிட்டி 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸைத் திறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அவை ஏறத்தாழ 50 ஆகப் பெருகின. சென்னை மவுண்ட் ரோட்டிலும் ஒன்று இருந்தது. தலைப்பாகையும் பட்டையான இடுப்புக் கச்சையும் அணிந்த பரிசாரகர் கொண்டுவந்து வைக்கிற ஒரு கோப்பையோடு பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் எழுத்தாளர்களும் பொழுதைக் கழித்தார்கள். ஜாதி கேட்டு இடம் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. கிளப்புக்கடையின் தடுப்பு நொறுங்கியதில் இந்தப் பெரிய கடைகளுக்கும் ஒரு பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம். 1950களின் நடுவில், அந்தக் கமிட்டியின் இடத்துக்கு வந்திருந்த காப்பி வாரியம் தன் கடைகளை மூடத் தலைப்பட்டதும், வேலையிழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே அவற்றை ஏற்று நடத்தினார்கள். முதற்சங்கம் பெங்களூரில் எழுந்ததும் 1957இல். திருவல்லிக்கேணியில் மறியல் நடந்த அதே வருஷம்.

கடையில் தாராளமாக இருந்த சர்க்கார் தோட்டத்தில் அவ்வாறு இல்லை. யுத்தத்தால் ஐரோப்பிய மார்க்கெட் அடைபட்டுப் போனதால், 1940இல் ஓர் அவசரச் சட்டமும் 1942இல் காப்பிச் சட்டமும் வந்து, விளைந்த காப்பி அனைத்தையும் வாரியத்தின் பொதுக் குவியலில் சேர்த்துவிடவேண்டும் என்று விதித்தன. சேர்வராயன் மலையில் ஒருவன் தன் கையால் நட்டுப் பறித்துக் காயவைத்த கொட்டையில், வீட்டு உபயோகத்துக்கென விட்ட சிறு அளவு போக, ஒரு வீசையைக்கூட அடுத்த தெருக்காரனுக்கு விற்க முடியாது, விற்றால் குற்றம். பணமோ தவணை தவணையாக, மறு விளைச்சல் வந்த பிறகும் பாக்கி நிற்கும். தொடக்கத்தில் விவசாயியைக் காப்பாற்றிய ஏற்பாடுதான் அது, மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் ஐம்பதாண்டு அதை நீட்டித்ததில், குடகுக் கொட்டையும் பழனிமலைக் கொட்டையும் சேர்வராயன் கொட்டையும் ஒரே குவியலாகி, நல்ல காப்பி விளைவித்தவனுக்கும் ஏனோதானோவென்று விளைவித்தவனுக்கும் வித்தியாசமில்லாமற் போயிற்று. ஏகபோகம் சர்க்காருடையதானாலும் ஏகபோகந்தான்.

1992 முதல் அந்தக் கட்டு சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1996 செப்டம்பரில் அறவே அவிழ்ந்தது. நடுவில், 1994இல், பிரேசிலின் தோட்டங்களை உறைபனி தாக்கி உலகெங்கும் விலை ஏற, சுயமாக விற்க அனுமதி பெற்றிருந்த தோட்டக்காரர்கள் கையில் பணம் புரண்டது. சிக்மகளூர்த் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வி. ஜி. சித்தார்த்தா, பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கபே காபி டே என்ற கடையைத் திறந்தது 1996 ஜூலையில். இன்று ‘பெரிய ஸ்தாபனம்’ என்று பழிக்கப்படுகிற கண்ணாடிக் கடை, சர்க்காரின் ஏகபோகம் ஒழிந்துகொண்டிருந்த தருணத்தில் ஒரு தோட்டக்காரன் வீட்டிலிருந்தே புறப்பட்டது என்பதைப் பழிப்பவர்கள் அறிவதில்லை. 2012 அக்டோபரில் டாட்டாவோடு கூட்டுச் சேர்ந்து ஸ்டார்பக்ஸ் மும்பையில் கடை விரித்தபோது வாசலில் வரிசை நின்றது. 2019 ஜூலையில் சித்தார்த்தா கடன் சுமையின் நடுவே மறைந்தபோது, அவருடைய கடையில் விலை அதிகமென்று முணுமுணுத்தவர்களும் வருந்தினார்கள்.

கண்ணாடிக் கடையில் விலை அதிகந்தான். ஆனால் அங்கே நாம் கொடுப்பது பெரும்பாகமும் நாற்காலிக்கு வாடகை. சேலத்தில் இரண்டு இளம்பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, எவருடைய முறைப்புக்கும் ஆளாகாமல் உட்கார்ந்து பேச அதைவிட்டால் வேறு இடம் குறைவு. ருசி என்று பார்த்தால் நான் முதல் அக்ரகாரத்திலோ செவ்வாய்ப்பேட்டையிலோ வறுத்து அரைத்துக் கொடுக்கிற பொடிக்கடையின் பக்கமே நிற்பேன். வறுக்கும் உருளை சுழலச் சுழலப் புகை தெருமுனை வரை அழைக்கிறது, “எண்பது இருபதா, எழுபது முப்பதா, அண்ணா?” என்று கேட்டுவிட்டே கடைக்காரர் சிக்கரிக் கரண்டியைத் தொடுகிறார். அந்தக் கேள்வி கௌரவமான கேள்வி. கேட்காத கடைகளும் உண்டு. கலவைப் பொடியில் சிக்கரி நூற்றுக்கு 49க்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதாவது பாதிக்குச் சற்றே குறைவாகச் சிக்கரியைக் குடித்துவிட்டு ‘பாரம்பரிய ருசி’ என்று நாம் மகிழ்வதைச் சட்டமும் தடுக்காது. பெரிய கடையில் இயந்திரம் எல்லாக் கோப்பையையும் ஒரே மாதிரி ஆக்குகிறது என்று குறைகூறுகிற வாய், சிறிய கடையில் சிக்கரி அதே வேலையைச் செய்வதைக் கண்டுகொள்வதில்லை.

இவ்விரு கட்சிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்து, ஏரிக்கரையில் ஒரு கடையில் ‘எஸ்டேட் காப்பி’ என்ற பொட்டலத்தை எடுத்துப் பார்த்தால், எந்த எஸ்டேட், எந்த வருஷத்து விளைச்சல் என்பது பலவற்றில் இராது. தோட்டத்தின் பெயரையும் கொட்டையின் தரத்தையும் பொட்டலத்தின் மேல் அச்சிட்டு விற்கும் சிறு வறுவல்காரர்கள் சென்ற பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெருநகரங்களில் தோன்றியிருக்கிறார்கள். சேர்வராயன் தோட்டங்களின் பெயரும் அங்கே தென்படத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவின் காப்பியில் நூற்றுக்கு எழுபது கர்நாடகத்தில் விளைய, தமிழ்நாட்டின் பங்கு ஐந்தாறைத் தாண்டாத நிலையில், அளவால் போட்டியிட இம்மலையால் ஆகாது. பெயரால் போட்டியிடலாம். 2019இல் மத்திய சர்க்கார் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபூதன்கிரி ஆகிய ஐந்து பிரதேசக் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. அந்தப் பட்டியலில் சேர்வராயன் இடம்பெறவில்லை. தோட்டக்காரர்களும் மலையாளிச் சிறு விவசாயிகளும் காப்பி வாரியமும் ஒன்றுகூடி அதற்கு முயலவேண்டும். அதுவரையில், ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், கடை பெரிதாயினும் சிறிதாயினும், பொட்டலத்துக்குப் பணம் கொடுக்குமுன் எந்தத் தோட்டத்துக் கொட்டை, சிக்கரி எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.