பருத்திக் காட்டிலிருந்து வந்த கூந்தற் களிம்பு

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றின் மேற்கரையில், லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த டெல்ட்டா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை அடுத்த ஒரு பருத்தித் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை ஓவன் பிரீட்லவ், தாய் மினர்வா. இருவரும் அத்தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்கள். அவர்களுக்கு முன்னே பிறந்த பிள்ளைகள் அடிமைகளாகவே பிறந்தனர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்தபின் அக்குடும்பத்தில் தோன்றிய முதற் குழந்தை இதுவேயாகும். சாரா என்று பெயரிட்டார்கள். விடுதலை வந்ததேயன்றி நிலம் வரவில்லை. பழைய எசமானனின் மண்ணிலேயே விளைச்சலிற் பங்கு என்னும் ஏற்பாட்டில் உழுது, விதைக்கும் உணவுக்கும் கடன்பட்டு, அறுவடைக் காலத்தில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாத வாழ்வு அது. கடைக் கணக்கு எவ்வாறு வளரும் என்பதை, நம் தோட்டப்புறங்களின் பழங்கதை அறிந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இச்சிறுமியே பின்னாளில் மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் பெயரோடு, பறட்டையாய் வறண்டு நிற்கும் கூந்தலைப் படிய வைத்துப் பளபளப்பாக்கும் தொழிலால் நாடறிந்தவரானார். தலைக்குத் தடவும் ஒரு களிம்பின் கதை வரலாற்றில் இடம்பெறத் தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். அக்கதையை முழுவதும் கேட்டபின் முடிவு செய்வதே முறை.

முதலில் கூந்தலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் தலையின் தோலில் எண்ணெய் போன்ற ஒரு பசை ஊறுகிறது. நேரான முடியில் அப்பசை வேரிலிருந்து நுனிவரை எளிதாக வழிந்து செல்லும். சுருண்டு சுருண்டு வளரும் முடியிலோ வழி நெடுகிலும் வளைவுகள். ஆதலால் நுனிவரை பசை எட்டுவதில்லை. ஒவ்வோர் இழையின் மேற்புறமும் மீன் செதில்களைப் போன்ற நுண்ணிய அடுக்குகளால் மூடப்பட்டுள்ளது. அச்செதில்கள் படிந்திருந்தால் ஒளி சீராக மீளும்; முடி மின்னும். வறட்சியினாலும் உராய்வினாலும் அவை நிமிர்ந்துவிட்டால் இழையோடு இழை சிக்கும், முடி மங்கும், ஒடியும். ஆப்பிரிக்க மக்களின் கூந்தல் பெரும்பாலும் நெருங்கிய சுருளுடையது. அது குறையுடைய முடியன்று. எண்ணெயும் பொறுமையும் மிகுதியாக வேண்டுகின்ற முடி, அவ்வளவே.

ஆப்பிரிக்காவில் அவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. பனையெண்ணெய் தடவி, அகன்ற பற்களையுடைய மரச்சீப்பால் வாரி, மணிக்கணக்கில் அமர்ந்து பின்னிக்கொள்ளும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்க இனங்கள் பலவற்றில் இருந்தது. பின்னலைப் பார்த்தே இன்ன குலம், இன்ன நிலை என்று கூறுவார்கள். அடிமைக் கப்பல் இவ்வனைத்தையும் அழித்தது. சீப்பு போயிற்று, எண்ணெய் போயிற்று, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் போயிற்று. ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அன்று ஆட்டு மயிர் சிக்கெடுக்கும் கருவியால் தலையை வாரினார்கள். பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் கிடைத்தபோது அவற்றைத் தடவினார்கள். மண்ணெண்ணெயால் தலையைத் துப்புரவு செய்தவர்களும் உண்டு. வாரநாட்களில் முடியைப் பிரித்து நூலால் இறுகச் சுற்றித் துணியால் மூடிவைத்து, ஞாயிறன்று அவிழ்த்தால் ஓரளவு படிந்து நிற்கும். இந்நூற்சுற்று முறையை, அடிமைகளாயிருந்து முதுமையெய்திய பெண்கள் பலர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளனர்.

சாரா ஏழு வயதிற்குள் தாய் தந்தையர் இருவரையும் இழந்தாள். அக்காளின் வீட்டில் வளர்ந்து, ஆற்றின் மறுகரையிலுள்ள விக்ஸ்பர்க் நகரில் வீட்டு வேலை செய்தாள். பதினான்காம் வயதில் திருமணம், பதினேழில் லீலியா என்னும் மகள், இருபதில் கைம்பெண். பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது அவளுக்கு வாய்க்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு செயின்ட் லூயிஸ் நகரம் சென்றாள். அங்கே அவளுடைய அண்ணன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துவந்தனர். அந்நகரில் பல ஆண்டுகள் அவள் பிறர் துணி வெளுத்தாள். நாளெல்லாம் வெந்நீர்த் தொட்டியின் ஆவியிலும் காரச் சவர்க்காரத்திலும் நின்று உழைத்தால் கிடைப்பது ஒன்றரை டாலருக்கும் குறைவே. அவ்வருவாயில் மகளைப் படிக்க வைத்தாள் என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும்.

அக்காலத்தில் ஏழை மக்களின் வீடுகளிற் குழாய்நீர் இல்லை. தலை முழுகுவது திங்களுக்கு ஒருமுறை. குளிர்காலத்தில் அதுவும் அரிது. பொடுகும் சிரங்கும் பற்றித் தலைத்தோல் புண்ணாகி, முடி கொத்துக் கொத்தாய் உதிரும். சாராவுக்கும் அவ்வாறே ஆயிற்று. முப்பது வயதைக் கடந்த அவள் தன் தலையின் சொட்டையைக் கண்டு நாணினாள்.

அந்நகரில் ஆன்னி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். பள்ளியில் வேதியியலில் நாட்டங்கொண்ட அவர், தலைத்தோலைக் கழுவித் துப்புரவாக்கி மருந்து தடவும் முறையொன்றை வகுத்து, 1902ஆம் ஆண்டு முதல் செயின்ட் லூயிசில் வீடு வீடாகச் சென்று விற்றுவந்தார். சாரா அவரிடம் விற்பனை முகவராகச் சேர்ந்தாள். 1905இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து, சமையல் வேலை செய்துகொண்டே களிம்பும் விற்றாள். அடுத்த ஆண்டு செய்தித்தாள் விளம்பரத் தொழிலிலிருந்த சார்ல்ஸ் ஜோசப் வாக்கர் என்பாரை மணந்து, தனக்கென ஒரு களிம்பைச் செய்து தன் பெயராலேயே விற்கலானாள்.

‘மேடம்’ என்னும் அடைமொழியைச் சாரா அம்மையார் சூட்டிக்கொண்டதன் பொருள் ஆழமானது. தென்பகுதி வெள்ளையர் கறுப்பினப் பெண்களை வயதில் மூத்தவராயினும் பெயர் சொல்லியே அழைப்பர். அல்லது ‘ஆன்ட்டி’ என்பர். கடைச் சீட்டிலும் களிம்பு டப்பியிலும் ‘மேடம்’ என்று அச்சிட்டுவிட்டால் எவரும் அவ்வாறே வாசித்தாக வேண்டுமன்றோ!

அக்களிம்பில் இருந்தது யாது? ஒரு கனவில் கறுத்த பேருருவினர் ஒருவர் தோன்றி மருந்துக் கலவையைக் கூறினார் என்றும், அதிற் சில பொருள்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வருவிக்கப்பட்டன என்றும் அம்மையார் சொல்லிவந்தார். விளம்பரத்துக்கு ஏற்ற கனவு! பிறர் ஆராய்ந்து கூறும் பொருள்களோ பெட்ரோலியக் களிம்பு, கந்தகம், தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், சிறிது மயில்துத்தம், கந்தகத்தின் நாற்றத்தை மறைக்க வயலெட்டுப் பூவின் மணம் ஆகியவை. தலைத்தோல் நோய்க்குக் கந்தகம் நெடுங்காலமாக வழங்கிவந்த மருந்து. டர்ன்போ அம்மையாரின் கலவையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டதன்று என்று கருதுவோரும் உளர். அவ்விருவரிடையே போட்டியும் மனக்கசப்பும் நீடித்தன. டர்ன்போ அம்மையார் 1906இல் ‘போரோ’ என்னும் வணிகப் பெயரைத் தமக்கென உரிமைப்படுத்திக்கொண்டார். தொழிலின் தாய் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின் அவரையே சொல்லுதல் நேர்மை. வாக்கர் அம்மையாரின் புகழ் அவர் பெயரை மறைத்துவிட்டது.

களிம்பைவிட முறையே முதன்மையானது. அடிக்கடி தலை முழுக வேண்டும். தோலைப் பிடித்துவிட வேண்டும். களிம்பு தடவ வேண்டும். பின்னர் ‘குளோசின்’ என்னும் எண்ணெயைப் பூசிச் சூடேற்றிய சீப்பால் வார வேண்டும். வாரத்துக்கொருமுறை எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் முற்பகுதியில் புதுமை ஒன்றும் தோன்றாது. சீப்பைச் சூடேற்றும் வழக்கத்தை வாக்கர் அம்மையாரே கண்டுபிடித்தார் என்று பலர் எழுதியுள்ளது பிழை. பாரிஸ் நகரில் மார்செல் கிராட்டோ என்பார் 1872ஆம் ஆண்டளவில் சூட்டு இடுக்கியால் பெண்களின் கூந்தலை அலையலையாக்கிப் பேர் பெற்றார். நேர்முடி படைத்தவர்கள் அதைச் சுருட்டவும், சுருள்முடி படைத்தவர்கள் அதை நேராக்கவும் ஒரே இரும்பைக் காய்ச்சியது நகைப்புக்குரியதே. வெப்பம் முடியின் புரத இணைப்புகள் சிலவற்றைத் தற்காலிகமாக நெகிழ்த்துகிறது; மழையோ வியர்வையோ பட்டால் முடி பழைய உருவுக்குத் திரும்பும்.

1908இல் பிட்ஸ்பர்க்கில் மகள் பெயரால் லீலியா கல்லூரி என்னும் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை. கூந்தற் பயிற்சி பெற்ற பெண்கள் கறுப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, பெட்டி தூக்கி, ஊர் ஊராகச் சென்றனர். கறுப்பினப் பெண்ணுக்குச் சமையற்கட்டும் சலவைத் தொட்டியும் வயற்காடுமே கதியென்றிருந்த நாட்டில், எசமானியம்மாள் ஒருத்தியின் முன் நிற்காமல் பிழைக்க ஒரு வழி திறந்தது. சில ஆண்டுகளில் அத்தகைய முகவர்கள் பல்லாயிரவராயினர்.

1912ஆம் ஆண்டு சிக்காகோவில் தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தின் மாநாடு கூடியது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாய்ப் பிறந்து, டஸ்கீகீ கல்விக்கழகத்தை வளர்த்த பெரியார். கூந்தற் களிம்பு விற்போரை அவர் மதிப்பதில்லை. வெள்ளையரைப் போன்று தோன்ற முயலும் மடமைக்கு அவர்கள் துணைபோகின்றனர் என்பது அவர் கருத்து. வாக்கர் அம்மையாருக்குப் பேச வாய்ப்பளிக்குமாறு நண்பரொருவர் அவையில் வேண்டியும் தலைவர் செவி சாய்க்கவில்லை. இறுதி நாளன்று அம்மையார் தாமே எழுந்தார். தம் முகத்தின்மேல் கதவை அடைக்கலாகாதென்று கூறி, தாம் தென்னாட்டுப் பருத்திக் காட்டிலிருந்து வந்ததையும், அங்கிருந்து சலவைத் தொட்டிக்கும், பின் சமையலறைக்கும் உயர்ந்து, அதன்பின் தம்மைத் தாமே தொழில் நடத்துபவராக உயர்த்திக்கொண்டதையும், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியதையும் அவையோர் முன் எடுத்துரைத்தார். மறு ஆண்டு மாநாட்டில் வாஷிங்டனே அவரைப் பேச அழைத்தார்.

எனினும் வாஷிங்டன் எழுப்பிய வினா பொய்யான வினாவன்று. 1904இலேயே நானி ஹெலன் பரோஸ் என்னும் கறுப்பினக் கல்வியாளர், முகத்தை வெளுப்பதிலும் முடியை நேராக்குவதிலும் செலவிடும் முயற்சியைக் குணத்தைச் செம்மை செய்வதில் காட்டலாகாதா என்று கடிந்து எழுதியிருந்தார். அம்மையார் தம் மறுமொழியாக, தாம் முடியை நேராக்குபவர் அல்லர், நலிந்த தலைத்தோலைக் குணமாக்கி முடியை வளர்ப்பவரே என்று திரும்பத் திரும்பக் கூறினார். அதில் பாதி உண்மை உண்டு. தலையின் புண்ணை ஆற்றுதலும் வறட்சியை நீக்குதலும் எவ்வினத்தார்க்கும் பொதுவான நலமே. எண்ணெயிட்டு மின்னும் கூந்தல் வெள்ளையரின் தனியுடைமையன்று. ஆனால் காய்ச்சிய சீப்பு அவருடைய பெட்டியில் இருந்தது. நேர்முடியே நல்ல முடி என்று எண்ணிய வாடிக்கையாளர்களும் இருந்தனர். வேலை தருவோரின் கண்ணுக்குப் பணிந்து முடியைப் பணியவைத்தவர்களும் உண்டு. அவர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் இடத்தில் நின்று பிழைப்பது எளிதன்று.

பின்னர் வந்தவை இன்னும் கடுமையானவை. சீப்பின் நேர்மை மழைக்கு நில்லாமையால், எரிசோடாக் காரத்தால் முடியின் உள்ளிணைப்புகளையே உடைத்து நிலையாக நேராக்கும் முறை பரவிற்று. இளமையில் அக்காரத்தைத் தலையில் பூசிக்கொண்டு எரிச்சலால் துடித்ததை மால்கம் எக்ஸ் 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் கூறி, தாம் தாழ்வுற்ற முதற்படி அதுவென்று வருந்துகிறார். அப்பத்தாண்டிலேயே இளைஞர்கள் சீப்பையும் காரத்தையும் விலக்கி, இயற்கைச் சுருளைக் குடைபோல் வளர்த்து நடந்தனர். 2022இல் அமெரிக்க அரசின் உடல்நல ஆய்வாளர்கள், 33,497 பெண்களை ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் கவனித்து, ஆண்டில் நான்கு முறைக்கு மேல் முடி நேராக்கும் மருந்துகளைப் பூசியோரிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டதென அறிவித்தனர். இயற்கைச் சுருளையும் பின்னலையும் காட்டி வேலையோ பள்ளியிடமோ மறுக்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது 2019ஆம் ஆண்டிற்றான்.

வாக்கர் அம்மையாரின் செல்வம் எங்கே சென்றது என்பதையும் நோக்க வேண்டும். நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் 1918இல் அவர் மாளிகை கட்டினார். கறுப்பினக் கட்டடக் கலைஞர் வெர்ட்னர் டேண்டி அதை வகுத்தார். அதற்கு முந்திய ஆண்டின் ஜூலைத் திங்களில் கிழக்கு செயின்ட் லூயிசில் கலகக் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று குடியிருப்புகளைக் கொளுத்தியது. அதற்கு நீதி கேட்டு ஹார்லம் பெரியோர்கள் சிலர் வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது அம்மையாரும் உடன் சென்றார். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. வேறு அலுவல் இருப்பதாகச் செயலாளர் கூறி அனுப்பிவிட்டார்.

அதே ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் அம்மையாரின் முகவர்கள் சுமார் இருநூறு பேர் பிலடெல்பியாவில் மாநாடு கூடினர். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு தரப்பட்டது. தம் ஊரில் அறப்பணிக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் தரப்பட்டது. கும்பற் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று குடியரசுத் தலைவருக்குத் தந்தி அனுப்பவும் மாநாடு தீர்மானித்தது. 1919 மே 25ஆம் நாள் அம்மையார் 51ஆம் வயதில் காலமானார். இறப்பதற்குச் சற்று முன் அக்கொலைகளை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் அளித்திருந்தார். நிறுவனத்தின் பிற்கால இலாபத்தில் மூன்றில் இரு பங்கை அறப்பணிகளுக்கு எழுதிவைத்தார்.

பிலடெல்பியாவில் கூடித் தந்தி அனுப்பிய பெண்களுள், சில ஆண்டுகளுக்கு முன்வரை பிறர் வீட்டுச் சலவைத் தொட்டியருகே நின்றவர்கள் பலர்.