வரியை விதிப்பது யார்? சென்னை மாமன்றமும் சொத்து வரித் தீர்மானங்களும்

சென்னை மாநகராட்சியின் பிறப்பே வீட்டு வரிச் சிக்கலோடு பிணைந்தது. 1680-களில் ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்தின் மீது கிழக்கிந்தியக் கம்பெனி விதித்த வரியை, அங்கே வாழ்ந்தவர்கள் கடையடைத்து எதிர்த்தார்கள். லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்ட் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். ஆளுநர் அதிகாரத்தால் விதிக்கும் சிறு தொகையைக் கொடுக்க மறுப்பவர்கள், தங்களில் சிலர் கூடி விதித்தால் அதைவிடப் பல மடங்கைக்கூட மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு. 1687 டிசம்பரில் சாசனம் கிடைத்தது. 1688 செப்டம்பர் 29 அன்று நத்தானியேல் ஹிக்கின்சனை முதல் மேயராகக் கொண்டு மாநகராட்சி செயலுக்கு வந்தது. சைல்டின் நோக்கம் கம்பெனியின் செலவைக் குறைப்பதுதான். மக்களாட்சி அவர் மனதில் இல்லை. இருந்தும், வரிக்கும் ஒப்புதலுக்கும் உள்ள உறவை அவர் சரியாகவே கண்டுகொண்டார். மாநகராட்சி அமைந்த பின்னும் எதிர்பார்த்த வரி வராமல் போனதும் அந்த உறவை மெய்ப்பிக்கவே செய்கிறது. மேலிருந்து அமர்த்தப்பட்டவர்களை நகரத்தார் தம்மவராகக் கருதவில்லை.

இன்று 200 வார்டுகள், 426 சதுர கிலோமீட்டர் என விரிந்திருக்கும் பெருநகர மாநகராட்சியில் உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சொத்து வரியில் மாமன்றம் உண்மையில் எதை முடிவு செய்கிறது? என் வாதம் இது: தமிழ்நாட்டில் வரி வீதம் மாமன்றத்தில் தீர்மானமாகிறதே தவிர, அங்கே முடிவாவதில்லை. இந்த இடைவெளியால்தான் சென்னையில் வரி ஏறக்குறைய கால் நூற்றாண்டு அசையாமல் நின்றது; பிறகு ஒரே தாவலில் ஏறியது. தேக்கமும் தாவலும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்தது. வரி அதிகாரத்தை மட்டும் நேராகத் தரவில்லை. 243-எக்ஸ் உறுப்பின்படி, எந்த வரியை, எந்த வரம்புக்குள் விதிக்கலாம் என்று மாநிலச் சட்டமன்றம்தான் உள்ளாட்சிக்கு அனுமதி அளிக்க வேண்டும். அந்த ‘வரம்பு’ என்ற இடத்தில் தலைமைச் செயலகம் உட்கார்ந்துகொண்டது.

வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சென்னையில் சொத்து வரி 1998-ல் சீராய்வு செய்யப்பட்டது. மற்ற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2008-ல். அடுத்த நகர்வு 2018 ஜூலையில் வந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீடுகளுக்கு 50 விழுக்காடு வரையும், வாடகை வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 100 விழுக்காடு வரையும் உயர்வு. 2019 நவம்பரில், ஊரக உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய வேளையில், அதே அரசு அதை நிறுத்தி வைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அத்தொகை பின்வரும் அரையாண்டுகளில் ஈடுசெய்யப்படும் என்றும் அறிவித்தது. ஏற்றியதும் இறக்கியதும் நடந்த காலத்தில் சென்னையில் மாமன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது முதல் 2022 மார்ச் வரை தனி அலுவலர்தான் மாநகராட்சியை நடத்தினார். ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று 243-யு உறுப்பு சொல்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியிருக்கிறது. இரண்டும் இருந்தும் இந்த வெற்றிடம் நீடித்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ‘மாமன்றத்திடம் விட்டால் எந்தக் கவுன்சிலர் தன் தெருவில் வரியை உயர்த்துவார்? அரசு தலையிட்டதால்தான் உயர்வே நடந்தது’ என்று நிதித்துறை சார்ந்தவர்கள் சொல்வதுண்டு. இதில் வலு இல்லாமல் இல்லை. தன்னை அன்றாடம் வாசலில் சந்திக்கும் வாக்காளருக்குக் கவுன்சிலர் அஞ்சுவது இயல்பு. ஆனால் மேலே கண்ட கால வரிசை வேறு கதையைச் சொல்கிறது. 24 ஆண்டுத் தேக்கத்துக்கு மாமன்றத்தின் கோழைத்தனத்தை மட்டும் காரணமாக்க முடியாது. உயர்த்தும் முடிவு மாநில அரசின் கையில் இருந்தது. மாநில அரசும் தேர்தலுக்கு அஞ்சியது. வேறுபாடு என்னவென்றால், கவுன்சிலர் அஞ்சினால் அவரிடம் போய்க் கேட்கலாம்; வார்டில் வடிகால் ஏன் வரவில்லை என்பதற்கும் வரி ஏன் கூடவில்லை என்பதற்கும் அவர் ஒரே மூச்சில் பதில் சொல்லியாக வேண்டும். அரசாணையிடம் அப்படிக் கேட்க முடியாது.

2022-ல் நடந்தது இந்த வாதத்துக்குச் சரியான சோதனை. பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. மார்ச் தொடக்கத்தில் பதவியேற்பு. ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வை அரசு அறிவித்தது. வாக்குப்பதிவுக்கும் அறிவிப்புக்கும் இடையே ஆறு வாரம்கூட இல்லை. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150. 2011-ல் இணைந்த பகுதிகளில் இதே வரிசையில் 25, 50, 75, 100. சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்குக் கூடுதலாகவும் வைத்த இந்தப் படிநிலை நியாயமானது என்பதே என் கருத்து. தொகையும் வரம்பு மீறியதல்ல. 1998-ல் 1,000 ரூபாய் கட்டிய வீட்டுக்கு ஆண்டுதோறும் 6 விழுக்காடு கூடியிருந்தால் 2022-ல் வரி 4,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். 150 விழுக்காடு உயர்வு அதை 2,500-க்குத்தான் கொண்டுபோனது. எனவே குறை தொகையில் இல்லை. எல்லைக்கோடு 600 அடியில் விழவேண்டுமா, 800-லா? வடிகாலும் குடிநீர்க் குழாயும் முழுதாகப் போய்ச் சேராத இணைப்புப் பகுதிகளுக்கு இன்னும் சில ஆண்டு சலுகை வேண்டாமா? மாமன்றம் அமர்ந்து பேசவேண்டிய கேள்விகள் இவைதான். இவற்றுக்கு விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. மாமன்றத்துக்கு எஞ்சியது தீர்மானம், ஆட்சேபணை அறிவிப்பு, எதிர்க்கட்சியின் வெளிநடப்பு.

அரசுக்கும் மேலே ஒரு கை இருந்ததையும் சொல்ல வேண்டும். 15-ஆவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கான மானியம் பெற வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதங்களை மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்றது. அதன்பின் வரி வசூல் மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாகக் கூட வேண்டும் என்றும் நிபந்தனை வைத்தது. ஆக, டெல்லியில் நிபந்தனை, தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையில் ஆணை, மாமன்றம் கூடும் ரிப்பன் மாளிகையில் கையொலி. 2023-ல் இது சூத்திரமாகவே மாறியது: ஆண்டுக்கு 6 விழுக்காடு, அல்லது ஐந்தாண்டு உற்பத்தி வளர்ச்சியின் சராசரி, எது கூடுதலோ அது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 விழுக்காடு உயர்வை நிறைவேற்றியது. சிறுகச் சிறுக ஏற்றுவது 24 ஆண்டு காத்திருந்து தாவுவதைவிட நல்லதுதான். ஆனால் மாற்ற முடியாத ஒன்றுக்கு வாக்களிப்பதை முடிவெடுத்தல் என்று எப்படிக் கொள்வது?

அப்படியானால் மாமன்றக் கூட்டத்தைக் கவனிப்பதில் பயனில்லையா? உண்டு, கவனம் இடம் மாற வேண்டும். செய்தித்தாள்கள் வீதத்தைத் தலைப்பாக்குகின்றன. ஒரு கட்டடம் எவ்வளவு கட்டும் என்பதை வீதம் மட்டும் நிர்ணயிப்பதில்லை. தெருவுக்கான அடிப்படை மதிப்பு, பதிவேட்டில் ஏறிய பரப்பளவு, குடியிருப்பா வணிகமா என்ற வகைப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. வீதம் பரப்பு, பகுதி என்ற படிநிலைப்படி ஊருக்கெல்லாம் பொதுவாக அறிவிக்கப்படுவது. இந்த மூன்றும் கட்டடத்துக்குக் கட்டடம், தெருவுக்குத் தெரு மாறுபவை. கசிவு நடப்பதும் இங்கேதான். 2025-ல் மதுரை மாநகராட்சியில் வெளிப்பட்ட விவகாரம் இதற்குச் சான்று. அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்தி வணிகக் கட்டடங்களின் வரி கணினியில் குறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. வழக்கு விசாரணைக்குப் போனது. மண்டலத் தலைவர்கள் பதவி விலக நேர்ந்தது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு உறுத்துவது வேறு: உயர்வை எதிர்த்து வெளிநடப்புகள் நடந்த அதே ஆண்டுகளில், பெரிய கட்டடங்களின் வரி ஓசையின்றிக் குறைந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒழுங்காகக் கட்டிய சிறு வீட்டுக்காரரின் பணத்தில்தான் அந்தப் பள்ளம் நிரம்ப வேண்டும்.

மாதந்தோறும் கூடும் மாமன்றத்தில் ஒரே அமர்வில் பல பத்துத் தீர்மானங்கள் வாசித்தபடியே நிறைவேறுகின்றன. வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவில் நடக்கும் பேச்சுக்கு அதில் பாதி வெளிச்சம்கூட இல்லை. மறுமதிப்பீடு செய்த கட்டடங்கள் எத்தனை, குறைக்கப்பட்ட வரிகள் எவை, நீதிமன்றத் தடையால் நிற்கும் பாக்கி எவ்வளவு, அரசுத் துறைகளே வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு என்பவை வார்டு வாரியாக அந்தக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். பொதுவிலும் வெளியாக வேண்டும். 2022-ல் வந்த விதிகள் வார்டு குழுக்களையும் பகுதி சபைகளையும் உருவாக்கின. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, பகுதி சபைகள் கூடின. தெருவிளக்கும் குப்பையும் அங்கே பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். அந்தத் தெருவின் வரிப் பதிவேட்டையும் அங்கே வாசிக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. எந்தக் கட்டடம் எத்தனை மாடி, கீழ்த்தளத்தில் கடை இருக்கிறதா என்பதை வரி ஆய்வாளரைவிட அந்தத் தெருவில் குடியிருப்பவர் நன்றாக அறிவார். பெயரை நீக்கி, கதவு எண், பரப்பளவு, வகைப்பாடு, அரையாண்டு வரி என்ற நான்கு விவரங்களை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பகுதி சபையில் வைக்கும்படி சென்னை மாமன்றம் தன் சொந்தத் தீர்மானத்தாலேயே மாநகராட்சியைக் கோரலாம். அதற்குத் தலைமைச் செயலகத்தின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.