சிற்றளவு நெகிழ்பொதி அச்சிடல்

சிற்றளவு நெகிழ்பொதி அச்சிடல் என்பது நெகிழிப் படலம், அலுமினியத் தாள் முதலியவற்றால் ஆன உறைகளிலும் பைகளிலும் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் முறைகளைக் குறிக்கும். எத்தனை உறைகள் வரை சிற்றளவு என்பதற்குத் திட்டமான வரையறை இல்லை. சில நூறு முதல் சில ஆயிரம் உறைகள் வரை தேவைப்படும் சிறு உற்பத்தியாளர்களுக்கு இம்முறைகள் பயன்படுகின்றன.

தேவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில் மாநகராட்சிக்கு உட்பட்ட கோட்டாறு, நாஞ்சில் நாட்டின் பழைமையான வணிகப் பகுதி ஆகும். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ஊர்களுள் ஒன்று இதுவே எனக் கருதப்படுகிறது. நாகர்கோவில் வட்டாரம் ஏத்தன் என்றும் வழங்கும் நேந்திரங்காயில் செய்த சிப்சுக்குப் பெயர் பெற்றது. மரச்சீனி சிப்ஸ், சக்கை வற்றல், முந்திரிக்கொத்து ஆகியனவும் இங்கு செய்யப்படுகின்றன. இவ்வாறு பல பண்டங்களைச் சிறிது சிறிதாகச் செய்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி உறை வேண்டும்; ஆனால் எந்த உறையும் இலட்சக்கணக்கில் தேவைப்படுவதில்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

கிராவியூர் அச்சு

கடைகளில் காணும் பளபளப்பான தின்பண்ட உறைகளுள் பெரும்பாலானவை கிராவியூர் முறையில் அச்சிடப்பட்டவை. செம்பு பூசிய எஃகு உருளையில் நுண்குழிகள் செதுக்கி, மேலே குரோமியம் பூசுவர். குழிகளில் நிற்கும் மை படலத்தில் பதியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை தேவை. தொழிலில் இதனைச் சிலிண்டர் என்றே கூறுவர்.

உருளைச் செலவு உறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாது. எடுத்துக்காட்டாக, ஐந்து நிறங்களுக்கான ஐந்து உருளைகளுக்கு மொத்தம் 30,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். ஓர் இலட்சம் உறைகள் அச்சிட்டால் உறைக்கு 30 காசு. ஆயிரம் உறைகள் மட்டும் அச்சிட்டால் உறைக்கு 30 ரூபாய். பின்னதில் உறையின் விலை உள்ளிருக்கும் பண்டத்தின் விலையை நெருங்கிவிடும். நிறங்களைப் பொருத்தி இயந்திரத்தைச் சீராக்கும்போது வீணாகும் படலம் தனிச் செலவு. இதனால் அச்சகங்கள் குறைந்த அளவு ஒன்றை விதித்து, அதனைப் பெரும்பாலும் கிலோ கணக்கில் கூறுகின்றன.

விலை மலிவு என்று கருதி ஓராண்டுக்குரிய உறைகளை ஒரே தடவையில் அச்சிட்டு வைப்பது பலர் செய்வது. முகவரியோ, எடையோ, சிட்டை குறித்த விதியோ மாறினால் உருளையும் எஞ்சிய உறைகளும் பயனற்றுப் போகும்.

பிளெக்சோ அச்சு

இதில் உருளைக்குப் பதிலாக, வளையும் ஒளிப்பலபடித் தகடுகள் பயன்படுகின்றன. தகடு பொதுவாக உருளையைவிட மலிவானது. ஓரிரு நிறங்களும் எளிய எழுத்துகளும் கொண்ட உறைகளுக்கு இது ஏற்றது.

எண்ணிம அச்சு

எண்ணிம அச்சில் தகடும் இல்லை, உருளையும் இல்லை. கணினிக் கோப்பிலிருந்து படம் நேராகப் படலத்துக்குச் செல்கிறது. 2012 இல் செருமனியின் டுசல்டார்ஃபு நகரில் நடந்த துருபா கண்காட்சியில் எச்.பி. நிறுவனம் நெகிழ்பொதிகளுக்கான இன்டிகோ 20000 இயந்திரத்தை அறிமுகம் செய்தது. அச்சுக் கருவிச் செலவு இல்லாமையால் ஐந்நூறு உறைகளையும் தனியே அச்சிட இயலும். ஒரே ஓட்டத்தில் ஏத்தங்காய்க்கு ஒரு படமும் மரச்சீனிக்கு வேறொரு படமுமாக அச்சிடலாம். ஆயினும் எண்ணிக்கை உயர்ந்தாலும் உறை ஒன்றின் விலை அதிகம் இறங்குவதில்லை. ஆகவே ஓர் அளவுக்கு மேல் கிராவியூரே மலிவாகிறது.

ஒட்டுச்சிட்டையும் திரை அச்சும்

அச்சிடாத ஆயத்தப் பைகளை வாங்கி அவற்றின்மேல் அச்சிட்ட ஒட்டுச்சிட்டையை ஒட்டுவதே தொடக்க நிலையினருக்கு மிகக் குறைந்த முதலீட்டு வழி. விதி மாறினால் வீணாவது சிட்டை மட்டுமே. எண்ணெய்ப் பிசுக்குள்ள பையில் ஒட்டு நில்லாது என்பதால் பொரித்த பண்டங்களை நிரப்பும் முன்பே ஒட்டுவது நன்று. சிட்டை பொதியிலிருந்து பிரிந்து வராதபடி இருக்க வேண்டும் என்று உணவுச் சிட்டை விதிகளும் கூறுகின்றன. ஓரிரு நிறங்களுக்குத் திரை அச்சும் பயன்படும். கரோனா மின்னிறக்கத்தால் மேற்பரப்பைப் பதப்படுத்தாத பாலித்தீனில் மை சுரண்டினால் உரிந்துவிடும்.

படலமும் மையும்

அச்சு எதுவாயினும் சிப்சைக் காப்பது படலமே. ஒளியும் ஆக்சிசனும் பட்டால் எண்ணெய் காறிப்போகும். ஈரம் புகுந்தால் சிப்ஸ் நமுத்துப்போகும். இவற்றைத் தடுக்க உலோகம் பூசிய பாலியெசுட்டர் படலத்தையும் பாலித்தீனையும் ஒட்டிய பல்லடுக்குப் பைகளில் நைட்ரசன் நிரப்பி அடைப்பர். வெறும் பாலித்தீன் பையில் அழகாக அச்சிடுவதால் இக்குறை தீராது. அதே பல்லடுக்கு அமைப்பு மறுசுழற்சியைக் கடினமாக்குகிறது என்பது இதன் மறுபக்கம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டுப் பொதியிடல் ஒழுங்குவிதிகளின்படி, உணவுப் பொதிகளுக்கான அச்சு மை ஐ.எசு. 15495 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும்; அச்சிட்ட பக்கம் உணவைத் தொடக்கூடாது. கிராவியூர் உறைகளில் பெரும்பாலும் வெளிப்படலத்தின் உட்புறத்தில் தலைகீழாக அச்சிட்டு, அதன்மேல் மற்றோர் அடுக்கை ஒட்டுகின்றனர். மை இரு அடுக்குகளுக்கு நடுவே அடங்குவதால் கையில் உரிவதுமில்லை, பண்டத்தில் படுவதுமில்லை. தொகுதி எண்ணும் தயாரிப்பு நாளும் நாள்தோறும் மாறுவன. இவற்றை முன்கூட்டி அச்சிடாமல், நிரப்பும் இடத்தில் சிறு குறியீட்டு இயந்திரத்தால் பதிக்கின்றனர்.